யாரோட ஸ்டூடண்ட் நீ?

தமிழ்நாட்டில் தொல்லியல் மாநாடுகளை நடத்துகிறவர்களுக்கும், அகழாய்வு இயக்குநர்களுக்கும், பல்கலைக்கழகத் துறைத்தலைவர்களுக்கும்,

போன வாரம் உங்களில் ஒரு தரப்பிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. இந்த ஆண்டு மாநாட்டில் மாணவர் அமர்வு கிடையாது, நேரம் போதவில்லையாம். ஆய்வு மாணவர்களும், படிப்பை முடித்து ஐந்து ஆண்டு ஆகாதவர்களும் 'தன்னார்வலர்களாக'க் கலந்துகொள்ளலாம். பதிவுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. தன்னார்வலர் செய்யவேண்டிய வேலைகளும் கீழே இருந்தன: வரவேற்பு மேசை, பேட்ஜ் கொடுப்பது, சாப்பாட்டு டோக்கன், பொன்னாடைத் தட்டு ஏந்துவது, பேசுகிறவர்களுக்கு மைக் கொண்டுபோய்க் கொடுப்பது.

மைக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதில் பேசத்தான் கூடாது.

எந்த மாநாடு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அது ஓர் இடத்தின் மீதான புகாராகிவிடும். மற்றவர்கள் 'நம்மைச் சொல்லவில்லை' என்று நிம்மதியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். எனக்கு உங்கள் எல்லோரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

நான் முதுகலை முடித்துவிட்டு நான்கு சீசன் அகழாய்வில் வேலை பார்த்தவள். குழி மேற்பார்வை, பானை ஓடுகளை, அதாவது உடைந்த பானைத் துண்டுகளை, வரைவது, தொல்பொருள் பதிவேடு எழுதுவது. எல்லாம் ஒப்பந்த வேலை. மழை தொடங்கினால் குழிக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தொல்லியல் என்றால் என்ன என்று அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்கவே இரண்டு வருடம் ஆனது. இப்போதும் அக்கம்பக்கத்தில் 'மண்ணு தோண்டுற வேலை' என்றுதான் சொல்கிறார். தப்பில்லை, அதுவும் உண்மைதான்.

நான் கட்டுரை வாசித்த முதல் மாநாட்டைப் பற்றிச் சொல்கிறேன். ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு போனேன். பதிவுக் கட்டணம் 1500 ரூபாய். அன்றைக்கு அது எனக்கு நாலு நாள் கூலி. பையில் 640 பானையோடுகளின் கணக்கு இருந்தது. நான் பார்த்த இரண்டு குழிகளில் கிடைத்த கறுப்பு சிவப்பு ஓடுகளைக் கழுவி, காயவைத்து, எண் போட்டு, எதில் கீறல் (ஓட்டின் மேல் கீறிய குறியீடு) இருக்கிறது, எந்தக் குறி எந்த மண்ணடுக்கில் வருகிறது, சூளைக்குப் போகும் முன் கீறினதா சுட்ட பிறகு கீறினதா என்று ஏழு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கு.

மாணவர் அமர்வு இரண்டாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்கு. பந்தி ஒன்றேகாலுக்கே தொடங்கிவிட்டது. அரங்கில் இருந்தவர்கள் பதினோரு பேர். வாசிக்க வந்ததும் அதே பதினோரு பேர்தான். தலைமை வகித்தவர் இரண்டு கட்டுரை வரைக்கும் இருந்தார், அப்புறம் போன் வந்தது, போய்விட்டார். ஏழு நிமிடம் என்று சொன்னது மூன்று நிமிடமானது. இரண்டாவது படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு மணி அடித்தார்கள். அடித்தவள் என்னைப் போல இன்னொரு மாணவி; முகத்தில் அத்தனை வருத்தம். கேள்வி நேரம் இல்லை. சான்றிதழ் மட்டும் முந்தைய நாளே அச்சாகித் தயாராக இருந்தது. அதில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

கேட்க ஆள் இல்லாததைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. அங்கே ஒருவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். கீறல்களைப் பற்றி அவர் எழுதியதை வரிவரியாகப் படித்திருந்தேன். ஓர் இடத்தில் அவர் சொல்வதும் என் குழியில் நான் கண்டதும் ஒத்துவரவில்லை. தப்பு என்னுடையதாகக்கூட இருக்கலாம். அதைக் கேட்டுவிட வேண்டும். பந்தியில் அவரைச் சுற்றி நாற்காலிகள் நிறைந்திருந்தன. கை கழுவும் இடத்தில் போய்க் காத்திருந்தேன். வந்தார். "சார், வணக்கம். உங்க கட்டுரையில..." என்று ஆரம்பித்தேன். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாரோட ஸ்டூடண்ட் நீ?"

என் நெறியாளர் பெயரைச் சொன்னேன். "ஓ, அவரா" என்றார். அடுத்து "நல்லா பண்ணும்மா" என்றார். போய்விட்டார். இருவருக்கும் பழைய மனஸ்தாபம் ஒன்று உண்டு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எதைப் பற்றி என்று இன்றுவரை தெரியாது. நான் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துச் சண்டையாக இருக்கலாம்.

என் பெயரை அவர் கேட்கவே இல்லை.

இந்தக் கேள்வியை நீங்கள் எல்லோருமே கேட்கிறீர்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்கிறீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஊருக்குள் புதுமுகம் தெரிந்தால் 'யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்பது நம் பழக்கம். இன்னார் வீட்டுப் பிள்ளை என்றால் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்போம். தெரியாத ஆள் என்றால் திண்ணையோடு சரி. சொந்த வீட்டில் அப்படி இருந்துகொள்ளலாம். பொதுப் பணத்தில் நடக்கும் அகழாய்வும் மாநாடும் யாருடைய வீடும் இல்லையே.

எங்கள் துறை முன்பு போல் சின்னதாக இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2024-இல் மட்டும் கீழடி, வெம்பக்கோட்டை, கீழ்நமண்டி, பொற்பனைக்கோட்டை, திருமலாபுரம், சென்னானூர், கொங்கல்நகரம், மருங்கூர் என்று எட்டு ஊர்களில் மாநில அரசு அகழாய்வு நடத்தியது. 2019-இல் கீழடியின் காலம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்று அறிக்கை வந்ததிலிருந்து டீக்கடையிலும் உறைகிணறு பற்றிப் பேசுகிறார்கள். வரலாறு எடுக்கலாமா, தொல்லியல் படிக்கலாமா என்று பிளஸ் டூ பிள்ளைகள் என்னிடமே கேட்கிறார்கள். படியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. படித்துவிட்டு எங்கே போய் நிற்பது என்று அடுத்து கேட்பார்களே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

நான் வேலை பார்த்தவை இந்த எட்டு ஊர்களில் இல்லை. அவற்றில் ஆள் எடுத்த விதம் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. என் கதையை மட்டும் சொல்கிறேன். நான்கு சீசனில் ஒரு தடவைகூட அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்து வேலைக்குப் போனதில்லை. போன் வரும். "ஒரு எடத்துல ஆள் வேணுமாம், போறியா? நாளைக்கே போகணும்." சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதம், தங்க இடம் உண்டா என்று கேட்டால் 'இந்தப் பொண்ணு ரொம்பப் பேசுது' என்று பெயர் வந்துவிடும். அதனால் கேட்காமல் போனேன். மூன்றாவது சீசனுக்குப் பிறகு ஒன்பது மாதம் போனே வரவில்லை. ஊரில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது மாதத்துக்குள் எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் ஓர் அகழாய்வு தொடங்கி முடிந்தேவிட்டது. குழியை மூடுகிற அன்றைக்குச் செய்தித்தாளில் படம் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.

அங்கே எடுத்தவர்கள் தகுதி இல்லாதவர்கள் என்றா சொல்கிறேன்? இல்லை. அதில் ஒருவன் என்னோடு படித்தவன், என்னைவிட நன்றாக வரைவான். அவனுக்குத் தகவல் சொல்ல ஆள் இருந்தது, எனக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

'தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள், நெட்வொர்க்கிங் முக்கியம்' என்று நிறைவு விழாக்களில் எங்களுக்கு அறிவுரை சொல்கிறீர்கள். சரி. யாரிடம், எங்கே, எந்த நேரத்தில் வளர்ப்பது? எனக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் போதும்: அறிமுகம், சிபாரிசு. 'இவள் இன்ன வேலை செய்திருக்கிறாள், பாருங்கள்' என்று நாலு பேர் முன்னால் சொல்வது அறிமுகம். 'நம்ம பொண்ணுதான், பார்த்துக்கோங்க' என்று போனில் சொல்வது சிபாரிசு. நம் துறையில் முதலாவது அரிது, இரண்டாவதுதான் எங்கும் ஓடுகிறது. சிபாரிசு வாங்கிக்கொண்டவள் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவள். நெறியாளருக்குப் பிடிக்காத ஆய்வு முடிவை எழுத அவளுக்குக் கை வராது. வேறு ஒருவரிடம் சந்தேகம் கேட்கக்கூட யோசிப்பாள். மண்ணடுக்கு என்ன சொல்கிறதோ அதை எழுத வேண்டிய வேலையில் இது எவ்வளவு பெரிய கேடு என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிப்படையாக அறிவிப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2020-ஐ நினைவுபடுத்துகிறேன். மத்திய தொல்லியல் நிறுவனத்தின் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வந்தது. தகுதிக்கான செம்மொழிகளில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் இருந்தன; தமிழ் இல்லை. இங்கே எவ்வளவு சத்தம் எழுந்தது! நீங்களும் எழுதினீர்கள், பேசினீர்கள். சில நாளில் தமிழையும் சேர்த்துத் திருத்திய அறிவிப்பு வந்தது. அந்தத் தப்பைத் திருத்த முடிந்ததே அது அச்சில் வந்ததால்தான். போனில் பேசி முடிக்கிற வேலைக்கு யார் எங்கே போய் ஆட்சேபம் எழுப்புவது? டெல்லியின் கதவு மூடியிருந்தபோது தட்டினோம். இங்கே கதவு எந்தப் பக்கம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

வேலை மட்டும் இல்லை, ஆய்வும் இதில் மாட்டிக்கொள்கிறது. இரண்டாவது சீசனில் என் குழியில், தரைமட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் கீழே, ஒரு சாம்பல் திட்டு வந்தது. அதற்குள் கொஞ்சம் எலும்பு. ஒன்றில் நெருக்கமாக மூன்று கோடுகள். வெட்டுத்தழும்பா, வேர் அரித்ததா, எங்கள் ஆள் ஒருவரின் கரண்டி பட்டதா? எனக்குத் தெரியவில்லை, அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. கீழடியில் கிடைத்த எலும்புகளைப் புணே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பி, மாடு, எருமை, ஆடு என்று வகை பிரித்தார்கள் என்று படித்திருக்கிறேன். கீழடியின் கரியும், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லும், காலம் கணிக்கக் கடல் தாண்டி அமெரிக்க ஆய்வகம் வரை போயின. பெரிய அகழாய்வுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. என் கையில் இருந்ததோ ஒரே ஒரு எலும்பு. எலும்பு பார்க்கத் தெரிந்த ஒரே ஓர் ஆராய்ச்சி மாணவரின் போன் நம்பர் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே நல்லதாக நாலு படம் எடுத்து அனுப்பிக் கேட்டிருப்பேன். இல்லை. பாலிதீன் பையில் போட்டுச் சீட்டு எழுதிப் பெட்டியில் வைத்தேன். அந்தப் பெட்டி இப்போது எந்த அறையில் இருக்கிறதோ.

எலும்பு, மகரந்தம், உலோகம், மரக்கரி என்று ஒவ்வொன்றுக்கும் படித்த பிள்ளைகள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஆராய மாதிரி கிடைக்கவில்லை. எங்களுக்கு மாதிரியைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. இரு தரப்பும் ஒரே மாநாட்டுக்கு வந்து, ஒரே வரிசையில் டோக்கனோடு நின்று, ஒரே சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் தெரியாமலே ஊருக்குத் திரும்புகிறோம்.

உங்களுக்கு வரலாற்றில் நம்பிக்கை உண்டல்லவா, ஒரு பழைய கதை. அன்றைய இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் 1944-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தட்சசீலத்தில், ஒரு பயிற்சிப் பள்ளி வைத்தார். காலனி அதிகாரி, பட்டாளத்து மனிதர். அவருடைய பல கருத்துகளை இன்றைக்கு நாம் ஏற்பதில்லை, எனக்கும் அவர் மேல் பெரிய பக்தி எதுவும் கிடையாது. ஆனால் அந்த முகாமில் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரே குழியில் இறங்கி வேலை கற்றார்கள். அங்கே பயின்ற பி.பி.லாலும் பி.கே.தாபரும் பின்னாளில் ராஜஸ்தானில் உள்ள சிந்துவெளி நாகரிக இடமான காளிபங்கனைச் சேர்ந்து அகழ்ந்தார்கள். இருவருமே அதே துறையின் தலைமை இயக்குநராகவும் ஆனார்கள். அடுத்த ஆண்டே, 1945-இல், வீலர் நம் பக்கம், புதுச்சேரி அருகே அரிக்கமேட்டுக்கு வந்தார். அந்த அகழாய்வின் அறிக்கை 1946-இல் அச்சாகிவிட்டது. ஒரே வருடம்! (நம் அறிக்கைகள் வர எத்தனை வருடம் ஆகிறது என்ற பேச்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.) ஒரு தலைமுறையே முகாமில் பழகி, பிறகு பல வருடம் சேர்ந்து வேலை செய்ததை நீங்கள் வகுப்பில் எங்களுக்குப் பாடமாக நடத்துகிறீர்கள். பழகும் இடத்தை மட்டும் எங்களுக்கு எடுத்துவிடுகிறீர்கள்.

தட்சசீலம் வரை போவானேன். தஞ்சாவூரில் இயங்கும் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ் 1991 முதல் வருகிறது. வயலில் சாய்ந்துகிடந்த கல்லைப் பார்த்து, எழுத்து இருக்கிறதே என்று மைப்படி (மை பூசித் தாளில் எடுக்கும் பிரதி) எடுத்து வந்த பள்ளி ஆசிரியரின் கல்வெட்டும் அதில் வரும், பெரிய பேராசிரியருடையதும் வரும். கண்டவர் பெயரோடு வரும். அந்த ஆசிரியரை அங்கே யாரும் 'யாரோட ஸ்டூடண்ட்' என்று கேட்பதில்லை. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் கேள்வி. நம்மாலும் முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

பெயர் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வரைந்த பானை விளிம்புகளின் குறுக்குவெட்டுப் படங்கள் ஓர் அறிக்கையில் ஆறு பக்கத்துக்கு வந்திருக்கின்றன. கோட்டைப் பார்த்தாலே என் கை என்று எனக்குத் தெரியும்; கழுத்து வளைவில் பேனாவைக் கொஞ்சம் அழுத்துவது என் கெட்ட பழக்கம். நன்றியுரையில் 'மற்றும் அகழாய்வுப் பணியாளர்கள்' என்று இருக்கிறது. நான் அந்த 'மற்றும்'-க்குள் இருக்கிறேன். அடுத்த இடத்தில் வேலை கேட்கும்போது 'என்ன செய்திருக்கீங்க' என்றால் எதைக் காட்டுவது? 'மற்றும்' என்ற சொல்லுக்கு மேல் விரலை வைத்தா?

பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. மாநாட்டில் உண்மையான பேச்சு மேடையில் நடப்பதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விருந்தினர் விடுதி அறைகளில்தான் நடக்கிறது. அடுத்து எந்த ஊரில் தோண்டப் போகிறார்கள், யாருக்கு நிதி வந்திருக்கிறது, யாருக்கு ஆள் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அந்த நேரத்தில் நாங்கள் ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் திரும்பி ஓடிக்கொண்டிருப்போம். அந்த அறைகளுக்குள் எங்களையும் கூப்பிடுங்கள் என்று கேட்கவில்லை. அங்கே பேசுவதைப் பகலில், எல்லோரும் இருக்கும் இடத்தில் பேசுங்கள் என்கிறேன்.

'எங்கள் காலத்தில் எங்களுக்கு யார் இதெல்லாம் செய்து கொடுத்தார்கள்? சைக்கிளில் போய்க் கல்வெட்டுப் படித்தோம்' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. போனீர்கள், உண்மை. அந்த உழைப்பில்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் அன்று உங்கள் வகுப்பில் ஆறு பேர், உங்கள் ஆசிரியருக்குத் துறையில் உள்ள அத்தனை பேரையும் தெரியும். இன்று படித்துவிட்டு வருகிறவர்கள் எத்தனையோ மடங்கு. சொந்தப் பழக்கத்தை வைத்து இத்தனை பேருக்கு வழிகாட்ட எந்த நல்ல மனம் கொண்ட ஆசிரியராலும் முடியாது. நேரம் போதவில்லை என்ற காரணத்தைப் பற்றி: போன மாநாட்டுத் தொடக்க விழாவில் மேடையில் பதினான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஐம்பது நிமிடம் ஆனது. நான் தட்டு ஏந்தியதால் எனக்குத் தெரியும்.

இனி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

மாநாடு நடத்துகிறவர்களே, மாணவர் அமர்வை இந்த ஆண்டே திரும்ப வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். முதல் நாள் காலையில், வேறு அமர்வு எதுவும் நடக்காத நேரத்தில் வையுங்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், அதில் ஐந்து கேள்விக்கு. முழு நேரமும் உட்காரச் சம்மதிப்பவரை மட்டும் தலைமைக்குக் கூப்பிடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, மூத்தவர்களை மேசைக்கு ஒருவராக உட்கார வையுங்கள். அந்த மேசையில் அவருடைய சொந்த மாணவர்கள் உட்காரக் கூடாது என்பது ஒன்றே விதி. எலும்பு பார்க்கிறவர், உலோகம் பார்க்கிறவர், கல்வெட்டு வாசிக்கிறவர் என்று மேசையில் எழுதி வைத்தால் போதும், நாங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவோம். தமிழில் வாசிக்கவும் கேட்கவும் அனுமதியுங்கள். பானையோட்டைத் தமிழில் விளக்குகிறவளுக்குப் பானையோடு தெரியாது என்று ஆகிவிடாது. வேலை இல்லாமல் இருப்பவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள். பேட்ஜில் எங்கள் பெயருக்குக் கீழே நெறியாளர் பெயரைப் போடாமல், நாங்கள் செய்யும் ஆய்வை ஒரு வரி போடுங்கள். தன்னார்வலர் வேண்டுமென்றால் கூலி கொடுத்து வையுங்கள்.

அகழாய்வு இயக்குநர்களே, ஒருவரைத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றாலும் அறிவியுங்கள். எத்தனை பேர், எத்தனை மாதம், என்ன சம்பளம், தங்குமிடம் உண்டா, யாருக்கு எழுதுவது என்று ஒரே ஒரு பக்கம். வேலை தொடங்குவதற்குப் பதினைந்து நாள் முன்னால் எல்லாத் துறைகளின் அறிவிப்புப் பலகைக்கும் அனுப்புங்கள். யாரை எடுத்தீர்கள் என்பதையும் அப்புறம் சொல்லுங்கள். அறிக்கையில் எந்தக் குழியை யார் பார்த்தார், எந்தப் படத்தை யார் வரைந்தார் என்று பெயர் போடுங்கள். வேலை முடிந்து போகும்போது, இன்ன குழி, இன்ன ஆழம் வரை, இன்ன பொறுப்பு என்று விவரமாக எழுதிய சான்று கொடுங்கள். 'நன்னடத்தை திருப்திகரம்' என்ற சான்று என்னிடம் நான்கு இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில்கூட அதைக் காட்டி வேலை வாங்க முடியவில்லை.

துறைத்தலைவர்களே, மாணவர்களை ஆண்டுக்கு ஒரு மாதமாவது வேறு பல்கலைக்கழகத்தின், வேறு மாவட்டத்தின் அகழாய்வுக்கு அனுப்புங்கள். உங்கள் மாணவர் இன்னொரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால் அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படித்து வெளியே போனவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு ஒரு பட்டியல் வைத்திருந்து, இப்போது படிக்கிறவர்களிடம் கொடுங்கள்.

மாநாட்டுப் பதிவு முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் திருத்திய சுற்றறிக்கையை அனுப்புங்கள். தன்னார்வலர் படிவத்தை நான் நிரப்பவில்லை. 640 ஓடுகளின் கட்டுரைச் சுருக்கத்தைப் போன ஆண்டின் மாணவர் படிவத்திலேயே எழுதி அமைப்பாளர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். 'நெறியாளர் கையொப்பம்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்கு சீசன் குழி பார்த்த ஒருத்தி